செவலை தீனி தொடாத கோடை

அன்புக்கரசி மாட்டைக் கையால் தொட்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான். பிறந்து வளர்ந்ததெல்லாம் வேப்பூர் கூட்டுரோட்டில். லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் அவள் அப்பா பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டலுக்குப் பின்னால் ஒரே அறையில் குடித்தனம். ஹாரன் சத்தத்தில் தூங்கி ஹாரன் சத்தத்தில் எழுந்த பெண். விருத்தாசலத்துக்கு வெளியே, மங்கலம்பேட்டை சாலையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த தேவநாதனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, அந்த இடத்தின் அமைதி பழகுவதற்கே அவளுக்குப் பல நாள் ஆயிற்று. சத்தமே இல்லாத இடத்தில் எப்படித் தூங்குவது என்று புருஷனிடம் கேட்டு, அவன் சிரித்ததைப் பின்னாளில் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தேவநாதனுக்கு நிலம் இருந்ததே தவிர நிலத்தில் நிற்க நேரமில்லை. டவுனில் செராமிக் கம்பெனி ஒன்றில் மண் அரைக்கும் மில்லில் அவனுக்கு வேலை. காலையில் சைக்கிளில் போனால் சாயங்காலம் முடியெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவான். நிலம் தானாக அன்புக்கரசி தலையில் விழுந்தது. எதிர்க் கொல்லைக்காரர் கோவிந்தராசு, உறவில் மாமா முறை, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். பால் கறக்கப் போய் உதை வாங்கியிருக்கிறாள். விதைத்த மல்லாட்டையை, அந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பேர், மயிலுக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனால் பத்து வருஷம் போனபின், யார் வீட்டில் ஆடு குட்டி போட முடியாமல் தவித்தாலும் முதலில் அன்புவைக் கூப்பிடு என்று சொல்லும்படி ஆகியிருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கோடை நன்றாகத்தான் தொடங்கியது. முந்தைய கார்த்திகையில் கொட்டித் தீர்த்த மழையால் போரில் தண்ணீர் இருந்தது. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தாலும் தோட்டம் பசேலென்று நின்றது. வெண்டை, கத்திரி, ஓரத்தில் தண்டுக்கீரை, வேலிப்பக்கம் நாலு முந்திரி மரம். த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டாரைப் போட மகள் கயல்விழி இருந்தாள். ஸ்கூல் லீவு, ஆறாம் வகுப்புக்குப் போகப் போகிறவள். மோட்டார் கொட்டகையின் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி. தொட்டியிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வழி சேறாகாமல் இருக்க, கம்பெனியில் கழித்துப் போட்ட உடைந்த பீங்கான் பீஸ் கட்டைகளைத் தேவநாதன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தான். ஆடுகள் ஐந்து, கொஞ்சம் கோழி. எல்லாவற்றுக்கும் மேலே செவலை.

செவலை இரண்டாம் ஈற்றுப் பசு. கன்றுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. அதன் பாலைப் பக்கத்துத் தெருவில் ஆறு வீட்டுக்கு அன்புக்கரசி ஊற்றி வந்தாள். அவள் குரல் கேட்டால் செவலை திரும்பிப் பார்க்கும். கயல்விழி அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டே பாடம் படித்திருக்கிறாள்.

வைகாசி பிறந்த மறுவாரம் ஒருநாள் காலையில் செவலை தீனி தொடவில்லை. மல்லாட்டைக் கொடி போட்டது போட்டபடி கிடந்தது. முந்தின நாள் சாயங்காலமே பால் பாதியாகக் குறைந்திருந்தது, வெயில் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் கழுத்தை நீட்டி நீட்டி எதையோ விழுங்கப் பார்க்கிறது, முடியவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரை வரைக்கும் இறங்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தது. அது செவலையின் குரல் மாதிரியே இல்லை, கம்மிப்போய், கரகரவென்று இருந்தது.

மாங்கொட்டை என்றுதான் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தோன்றியது. கோவிந்தராசுவின் கொல்லையில் மாமரம் காய்த்து உதிர்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் அவருடைய காளைக்கே தொண்டையில் கொட்டை சிக்கி, கையை விட்டு எடுத்தார்கள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தேவநாதன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். அன்புக்கரசி செவலையின் நாக்கைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாள். அவன் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினான். எடுத்து, மறுபடி விட்டான். கடைவாய்ப் பல் பட்டு விரல் முட்டியில் தோல் கிழிந்தது.

"ஒண்ணும் தட்டுப்படலியே. இன்னும் கீழ எறங்கிட்டாப்புல இருக்குது" என்றான்.

கயல்விழி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். மாட்டின் முகத்தில் வழிந்ததைத் தன் பாவாடையாலும் கையாலும் துடைத்துவிட்டாள். எண்ணெயை ஊற்றிப் பார்த்தார்கள். அது அப்படியே வெளியே வந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. தேவநாதன் தொட்டியில் கையை அலசிக்கொண்டு, கோவிந்தராசு வீட்டுப் போனிலிருந்து மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

டாக்டர் ராஜாராமன் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். கோயில் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து மாட்டு வைத்தியத்துக்குப் படித்தவர். அந்தப் பக்கத்து மாடுகளையெல்லாம் ஊர் பேரோடு நினைவு வைத்திருப்பார். வழக்கமாக வண்டியை நிறுத்தியதும் நேரே மாட்டிடம் போய் முதுகில் தட்டுகிறவர், அன்று வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நீளக் கழியை எடுத்து அதன் முகத்துக்கு முன்னால் நீட்டினார். செவலை கழியைக் கடித்தது. சும்மா கடிக்கவில்லை, பல்லில் ரத்தம் வரும்வரை விடாமல் கடித்தது.

"இதை நாய் எதுவும் கடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்த அன்புக்கரசிக்குப் பங்குனியில் ஒருநாள் ஞாபகம் வந்தது. முந்திரி மரத்துப் பக்கம் நாய்கள் உருண்டு கத்திக்கொண்டிருந்தன. மறுநாள் செவலையின் மூக்கோரம் சின்னதாக ஒரு கிழிசல். வேலிமுள் என்று நினைத்து மஞ்சள் வைத்தாள். ஆறிப்போயிற்று, மறந்துபோனாள். அதை அவரிடம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"வாய்க்குள்ள கையை விட்டது யாரு?"

புருஷன் என்று சொல்லிவிட்டு, நாக்கைப் பிடித்திருந்த தன் கையை அவள் பார்த்தாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அந்தப் பால் பட்டு, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

டாக்டர் எதையும் மூடி மறைக்கவில்லை. இது வெறிநோய், மாடு பிழைக்காது, இன்றைக்கோ நாளைக்கோ போய்விடும் என்றார். கை வைத்தவர்கள் எல்லாரும் இப்போதே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் வெகுநேரம் கழுவ வேண்டும், நாளைக் காலையே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும், ஒரு தவணைகூட விடக்கூடாது. காய்ச்சிக் குடித்த பாலுக்குப் பயமில்லை, பச்சையாகக் குடித்தவர்கள் இருந்தால் அவர்களும் ஊசி போட்டுக்கொள்ளட்டும். கன்றுக்கு நானே வந்து போடுகிறேன், மற்ற ஆடுகளைத் தள்ளிக் கட்டிக் கவனியுங்கள் என்றார். கடைசியில் கயிற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்து, இது தாங்காது, சங்கிலி போடுங்கள், யாரும் கிட்டே போகாமல் தூர நின்று வளைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சங்கிலி இல்லை. தானும் கழுவி, மகளையும் கழுவ வைத்து, கன்றையும் ஆடுகளையும் வீட்டுக்குப் பின்புறம் அவிழ்த்துக் கட்டிவிட்டு, கயல்விழியை வெளியே வராதே என்று சொல்லி உள்ளே உட்காரவைத்தாள். கோவிந்தராசு வீட்டில் வண்டிச் சங்கிலி இருக்கும், வாங்கிவர ஓடினாள். அவர் பரணில் ஏறித் தேடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்து, வாசலில் பல்பு எரிந்தது. கரண்ட் வந்தால் மோட்டார் போடுவது கயல்விழியின் வேலை. அந்தப் பெண்ணுக்கு அது அவ்வளவு பழகிப்போன வேலை.

சங்கிலியை விட்டுவிட்டு ஓடினாள். பாதி வழியிலேயே அந்தக் கம்மிய குரல் கேட்டது. வேலியைத் தாண்டிப் பார்த்தபோது கட்டுத்தறி வெறுமையாகக் கிடந்தது. செவலை அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மோட்டார் கொட்டகைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கயல்விழி நின்றாள். குழாயிலிருந்து தண்ணீர் சத்தத்தோடு தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"தொட்டில குதிடி" என்று அன்புக்கரசி கத்தினாள்.

பெண் குதித்தாள். அதே நொடியில் செவலை பாய்ந்தது. கொம்பு தொட்டிச் சுவரில் மோதிய சத்தம் அடுத்த கொல்லை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். மறுபடி பின்வாங்கி மறுபடி மோதியது. ஒரு கொம்பு அடியோடு பெயர்ந்து ரத்தம் முகத்தில் இறங்கியது. அதற்கு வலித்ததாகவே தெரியவில்லை. தண்ணீருக்கு மேல் கயல்விழியின் தலை மட்டும் தெரிந்தது.

அன்புக்கரசி பால் கறக்கிற தகர வாளியை எடுத்து, கிடந்த கல்லால் அடித்தாள். செவலையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தினமும் தவிட்டுத் தண்ணீர் காட்டும்போது கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள். அது திரும்பியது. அந்தக் கண்ணில் தன்னைத் தெரிந்துகொண்ட அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்தாளாம். இல்லை. வாளியைப் போட்டுவிட்டு வேப்பமரத்துக்கு ஓடினாள்.

மரத்தைச் சுற்றி அவளும் மாடும். அது இந்தப் பக்கம் வந்தால் அவள் அந்தப் பக்கம். இரண்டு முறை அதன் மூச்சுக்காற்று அவள் கையில் பட்டது. உடைந்த பீஸ் கட்டைகள் காலில் குத்தின. செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. பக்கத்துக் கொல்லை ஆட்களோடு கோவிந்தராசு கழியும் சங்கிலியுமாக வேலிக்கு வந்து சேர்ந்தார். உள்ளே வர ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, வரச்சொல்லி அவளும் கூப்பிடவில்லை. அப்போது செவலையின் பின்னங்கால் ஒன்று மடங்கியது. எழுந்தது. இன்னொரு கால் மடங்கியது. பிறகு இடுப்புக்குக் கீழே துணி மாதிரித் துவண்டு, மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டி ஆட்டி மண்ணைக் கடித்தது.

அன்புக்கரசி தொட்டிக்குப் போய் மகளைத் தூக்கினாள். வைகாசி வெயிலில் அந்தப் பெண்ணின் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிவதற்குள் செவலை செத்துப்போனது. கோவிந்தராசுவும் ஆட்களும் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, முந்திரி மரங்களுக்கு அப்பால் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

அதற்கு முன்பே, செவலை விழுந்த அன்று வெளிச்சம் இருக்கும்போதே, அன்புக்கரசி பால் ஊற்றும் வீடுகளுக்கெல்லாம் போய் வந்திருந்தாள். முதலில் போனது கோவிந்தராசு வீட்டுக்கு. அவர் மனைவி சொர்ணாம்பாள் பேரக் குழந்தைக்குச் செவலைப் பாலைத்தான் கொடுத்து வந்தாள். பால் விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. நாங்க காய்ச்சாம குடுக்க மாட்டோம் என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இரண்டு மூன்று தரம் சொன்னாள். வேறொரு வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் தினமும் நுரைப்பாலைப் பச்சையாகக் குடிப்பது தெரிய வந்தது. அவரை அவர் மகன் மறுநாளே ஊசிக்கு அழைத்துப் போனான். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மனுஷர் என்ன ஆகியிருப்பாரோ என்று அவள் அதற்கப்புறம் நினைக்காத நாள் இல்லை.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய தேவநாதனுக்குக் கோபம். ஊரெல்லாம் போய் ஏன் சொன்னே, இனிமே நம்ம கொல்லையிலிருந்து ஒரு கீரையாவது வாங்குவாங்களா என்று கத்தினான். அவள் சோப்பை எடுத்துவந்து அவன் கையைத் தானே பிடித்துக் கழுவினாள். விரல் முட்டியில் கிழிசல் சிவப்பாக இருந்தது. காலையில மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள். தான் ஷிப்டுக்கு நடுவில் கம்பெனி ஆட்களோடு போய்க்கொள்வதாகவும், அவளும் பெண்ணும் முன்னால் போய்விடும்படியும் சொன்னான். அப்படியே அவளும் பெண்ணும் போய் வந்தார்கள். சாயங்காலம் கேட்டதற்கு, போட்டாச்சு என்றான்.

இரண்டாம் ஊசிக்கு முந்தின நாள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போட்ட இடம் இன்னும் வலிக்கிறது என்று கயல்விழி முனகினாள். "உனக்கு வலிக்கலியாப்பா?"

"எனக்கும்தான். தொப்புளைச் சுத்தி இன்னும் விண்ணுவிண்ணுங்குது" என்று தேவநாதன் வயிற்றைத் தடவிக்காட்டினான்.

கயல்விழி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அன்புக்கரசி அவள் தொடையை அழுத்தினாள். தொப்புளைச் சுற்றிப் போடுவதெல்லாம் அந்தக் காலம். இவர்கள் இரண்டு பேருக்கும் போட்டது தோளில். அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

அன்புக்கரசி, எதிரே உட்கார்ந்து அவன் பிசைந்து சாப்பிடும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டியில் கிழிசல் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்குக்கு உள்ளே என்ன ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது? கேட்டால் சண்டை போட்டுவிட்டு எங்காவது போய்விடுவான், மகளுக்கு முன்னால் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டாள். காலையில் அவள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் இருக்கும்போதே அவன் கிளம்பிப் போயிருந்தான்.

கயல்விழியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஊசி போட வைத்தாள். நர்ஸம்மா அடுத்து அவளைக் கூப்பிட்டபோது, கொஞ்சம் பொறுத்து வரேன் என்றாள். பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவோம் என்றார்கள். மகளோடு ஆட்டோ பிடித்து நேரே கம்பெனிக்குப் போனாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கம்பெனிக்கு உள்ளே போனதில்லை. மில் சுற்றும் சத்தத்தில் தரை அதிர்ந்தது. எல்லாம் வெள்ளை, ஆட்கள், சுவர், கூரை, எல்லாவற்றின் மேலும் மண் மாவு. தேவநாதன் அவளைப் பார்த்ததும் கயலுக்கு என்னமோ ஆகிவிட்டதென்று பதறி ஓடிவந்தான். கேட்டோரம் மூட்டைமேல் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மூச்சு விட்டான்.

"கயலுக்குப் போட்டாச்சு. எனக்குப் போடல" என்றாள் அன்புக்கரசி. "நீங்க வந்தாதான் போட்டுக்குவேன்."

அவன் முதலில் சமாளித்தான், பிறகு அதட்டினான். பிறகு மில் சத்தத்திலிருந்து அவளைச் சுவர் மறைவுக்கு இழுத்துப் போனான். அங்கே நின்று சொன்னான். சின்ன வயதில் அவனுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஜுரத்தில் போனான் என்றுதான் அந்த வீட்டில் சொல்வார்கள். ஜுரமில்லை. ஏரிக்கரையில் நாய் கன்னத்தில் கடித்தது. தினமும் பஸ்ஸில் கூட்டிப் போய் வயிற்றில் ஊசி போட்டார்கள். மேசைமேல் தம்பியின் கால் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்வது தேவநாதனின் வேலை. என்னை விடுண்ணா என்று அவன் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவான். ஊசி முடிவதற்குள் செத்துப்போனான். ஊசியால்தான் செத்தான் என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

"நான் புடிச்ச புடியிலதான் அவன் போயிட்டான் அன்பு. அந்த மேசையில என்னால போயி படுக்க முடியாது."

அன்புக்கரசிக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல ஆசைதான். ஆனால் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் போய் மகள் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தாள். வேலை செய்கிறவர்கள் ஒருவர் இருவராக நின்று பார்க்கத் தொடங்கினார்கள். தேவநாதன் மில்லுக்குப் போனான், மண் அள்ளிப் போட்டான், திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். கயல்விழி மட்டும் அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல்.

சூளையில் மேஸ்திரியாக இருந்த ஆதிநாராயணன் வயதானவர். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மில்லை நிறுத்திவிட்டு வந்து, "போயிட்டு வாப்பா. மண்ணு எங்கயும் போயிடாது" என்றார்.

மில் நின்றதும் தேவநாதன் கையைக்கூடக் கழுவாமல் வெளியே நடந்தான்.

ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தப் போகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே போனதும் அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நர்ஸம்மா அவனை விநோதமாகப் பார்த்தார்.

"எந்திரிச்சு உக்காருங்க. சட்டைக் கையை மேல ஏத்துங்க."

தோளில் ஒன்று, விரல் காயத்தைச் சுற்றிக் கொஞ்சம். இவ்வளவு நாள் தள்ளி வந்ததற்கு நர்ஸம்மா திட்டியபடியே போட்டார். அவன் காதில் எதுவும் விழவில்லை. "அவ்ளோதானா?" என்று கேட்டான். அடுத்து அன்புக்கரசி தன் தோளைக் காட்டினாள். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து, வெள்ளை மண் பூசிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அவன் குலுங்கி அழுதான். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். கயல்விழி அப்பா முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதோடு பயம் போய்விடவில்லை. அவன் நாள் கடத்திவிட்டான், ஊசி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற எண்ணம் அன்புக்கரசியை விடவில்லை. இந்த நோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் சொம்பைத் தூக்கும்போதெல்லாம் கை வேலையை விட்டுவிட்டு அவன் தொண்டையைப் பார்ப்பாள். ஒருநாள் புரையேறி இருமினான். அவள் கையிலிருந்த குழம்புச் சட்டி கீழே விழுந்து உடைந்தது. ஆனியில் ஓர் ஆடு வாயில் நுரை தள்ளிக்கொண்டு நின்றது. ராஜாராமன் வந்து பார்த்து, எதையோ கண்டதைத் தின்று வயிறு உப்பியிருக்கிறது, வேறில்லை என்று மருந்து ஊற்றிவிட்டுப் போனார். கன்றுக்கு அவர் சொன்னபடியே ஊசிகள் போட்டார். அதைத் தனியாகக் கட்டி, வாங்கிய பாலைப் பாட்டிலில் ஊட்டினார்கள். அதை ஊட்டப் போகும்போதெல்லாம் கயல்விழி அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஊரில் அவர்கள் காயை யாரும் வாங்கவில்லை. வெண்டைக்காய் முற்றிப்போய்க் கிடந்தது. அன்புக்கரசி கூடையில் போட்டு பஸ்ஸில் ஏற்றி மங்கலம்பேட்டைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரப் பாயிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். அவர் ஒரு காயை எடுத்து முனையை ஒடித்துப் பார்த்து, "ஏம்மா, மாடு வெண்டைக்காயையா கடிச்சுது?" என்று கேட்டார். அந்தக் கோடையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஆவணி வாக்கில் சொர்ணாம்பாள் தானாக வந்து கீரை பறித்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தின வீட்டுக்காரர்கள் மட்டும் கடைசி வரைக்கும் பேசவில்லை.

ஐந்து ஊசியும் போட்டு முடித்து, ஐப்பசி மழையும் வந்தபின் ஒருநாள், தேவநாதன் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதையே தான் கவனிக்கவில்லை என்று அவளுக்குச் சாயங்காலமாகத்தான் உறைத்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. அடுப்படியில் சொம்பு கவிழ்ந்து கிடந்தது. செவலை விழுந்த அன்றும், புதைத்த அன்றும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. மாட்டுக்காகவா, புருஷனுக்காகவா, தொட்டித் தண்ணீருக்கு மேல் தெரிந்த அந்தச் சின்னத் தலைக்காகவா என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

கன்று பிழைத்து, சினைப்பட்டு, இரண்டாயிரத்து எட்டில் ஈன்றது. மறுபடி பால் ஊற்ற ஆரம்பித்தாள், ஆறு வீட்டில் நாலு வீடு திரும்பி வந்தது. இன்றும் எந்த மாடாவது தீனி எடுக்கவில்லை என்றால் அன்புக்கரசி கிட்டே போவதற்கு முன் அதன் மூக்கோரத்தைத்தான் முதலில் பார்க்கிறாள். யாரையாவது நாய் கடித்ததாகக் கேள்விப்பட்டால் அவள் போவதற்குள் தேவநாதன் கிளம்பிவிடுகிறான். அழுது அடம் பிடிக்கிற பிள்ளைகளாக இருந்தாலும் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அவனே மிதித்துக் கொண்டுபோகிறான். ஊசி போடும்போது உள்ளே மட்டும் போவதில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவையோ அப்பாவையோ பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெளியே படிக்கட்டில் காத்திருக்கிறான்.